இருட்டுல எடுக்குற வீடியோல நாய்ஸைக் குறைக்கிறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோ லைட் வீடியோ பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர், மொபைல் எதுல எடுத்தாலும் இது பொருந்தும், சென்சார் சைஸ் மாறுமே தவிர வெளிச்சம் வேலை செய்ற விதம் எல்லாத்துலயும் ஒண்ணுதான்.

கே: நாய்ஸ்னா என்ன, அது ஏன் இருட்டுல மட்டும் வருது?

படத்துல பொடிப்பொடியா ஆடுற புள்ளிகள்தான் நாய்ஸ். இருட்டுல மட்டும் வரல, பட்டப்பகல்ல எடுத்த ஷாட்லயும் இருக்கு, அங்க சிக்னல் ரொம்ப அதிகமா இருக்கறதால கண்ணுக்குத் தெரியறதில்ல அவ்ளோதான். வெளிச்சம்ங்கிறது ஃபோட்டான் ஃபோட்டானா வந்து சென்சார்ல விழுது. மழை தூற ஆரம்பிக்கும்போது தரையைப் பாத்திருப்பீங்க, ஒரு கல்லு மேல ரெண்டு சொட்டு இருக்கும், பக்கத்துக் கல்லுல ஒண்ணுகூட இருக்காது, அதே மழை வெளுத்து வாங்கும்போது எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நனைஞ்சிருக்கும். பிக்சல்லயும் இதேதான் நடக்குது. ஒரு பிக்சல்ல சராசரியா 100 ஃபோட்டான் விழுந்தா அதுல ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தா ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். வெளிச்சம் நாலு மடங்கானா படத்தோட சுத்தம் ரெண்டு மடங்காகும், இந்தக் கணக்கை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி பதில் இதுலருந்துதான் வருது.

இதுக்கு மேல சென்சாரோட எலக்ட்ரானிக்ஸ் படிக்கும்போது சேர்க்குற நாய்ஸ் ஒண்ணு இருக்கு, சூட்டுனால வர்றது ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டும் வெளிச்சமே இல்லாட்டியும் இருக்கும், அதனாலதான் ஷேடோ ஏரியா எப்பவுமே முதல்ல கெட்டுப் போகுது.

கே: ஐஎஸ்ஓ ஏத்துறதாலதான நாய்ஸ் வருது? அப்போ ஐஎஸ்ஓ 400லயே வெச்சு டார்க்கா எடுத்துட்டு எடிட்ல பிரைட் பண்ணிக்கலாமா?

தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. லோ லைட்ல கெட்டுப்போற ஃபுட்டேஜ்ல பாதிக்கு மேல இந்த ஒரு நம்பிக்கையாலதான் கெடுதுன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

ஐஎஸ்ஓ சென்சார்ல விழுற வெளிச்சத்தை மாத்தறதே இல்ல, விழுந்த சிக்னலைப் பெருக்கி மட்டும்தான் காட்டுது. நாய்ஸுக்குக் காரணம் வெளிச்சம் பத்தாதது, வெளிச்சம் பத்தாததாலதான் நீங்க ஐஎஸ்ஓ ஏத்துறீங்க, ரெண்டும் சேர்ந்தே வர்றதால ஐஎஸ்ஓ மேல பழி விழுது. அதே அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) அதே ஷட்டர்ல ஐஎஸ்ஓ 400ல எடுத்து எடிட்ல மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) ஏத்துறதும், கேமராலயே 3200 வெச்சு எடுக்குறதும் ஒண்ணு இல்ல, முதல் வழிதான் மோசமா வரும். ஏன்னா கேமரா ஃபைலை கம்ப்ரஸ் பண்ணும்போது இருட்டான ஏரியால ஒண்ணும் முக்கியமா இல்லன்னு முடிவு பண்ணி அங்க இருக்குற டீடெயிலைத் தூக்கிப் போட்டுடும், அதுவும் 8 பிட் ஃபைல்னா ஷேடோக்குன்னு மிஞ்சி இருக்குற லெவலே கொஞ்சம்தான், அதை நீங்க எடிட்ல இழுக்கும்போது நாய்ஸ் மட்டும் வராது, கட்டம் கட்டமா பிளாக்கும் படிப்படியா பட்டை தெரியுற பேண்டிங்கும் சேர்ந்து வரும்.

சந்தேகம் இருந்தா ரெண்டு கிளிப்பையும் டைம்லைன்ல பக்கத்துல பக்கத்துல போட்டு கறுப்பு முடியோட ஓரத்தை 200 சதவீதம் ஜூம் பண்ணிப் பாருங்க. 3200ல எடுத்ததுல பொடிப்பொடியா ஆடுற மணல் மாதிரி இருக்கும், முடி முடியாத்தான் தெரியும். 400ல எடுத்து ஏத்துனதுல முடி இருக்க வேண்டிய இடத்துல ஊதாவும் பச்சையுமா திட்டுத்திட்டா கறை நகர்ந்துட்டு இருக்கும். முதல்ல சொன்னதை சாஃப்ட்வேர் சுத்தம் பண்ணும், ரெண்டாவதை எந்த சாஃப்ட்வேராலயும் காப்பாத்த முடியாது.

அதனால வரிசை இதுதான்: முதல்ல லைட் சேருங்க, அப்புறம் அப்பர்ச்சரைத் திறங்க, அப்புறம் ஷட்டரைப் பாருங்க, எல்லாம் முடிஞ்சும் பத்தலன்னா ஐஎஸ்ஓவைத் தயங்காம ஏத்துங்க. எக்ஸ்போஷர் சரியா இருக்கணும், அதுதான் முக்கியம்.

கே: லைட் சேருங்கன்னு ஈஸியா சொல்றீங்க, எங்ககிட்ட ஸ்டுடியோ லைட்டெல்லாம் இல்லயே?

ஸ்டுடியோ லைட் வேண்டாம், இருக்குற லைட்டைக் கிட்ட கொண்டு வாங்க. ஒரு சின்ன லைட் ஆள்கிட்டருந்து 2 மீட்டர் தூரத்துல இருக்குன்னு வைங்க, அதை 1 மீட்டருக்குக் கொண்டு வந்தா முகத்துல விழுற வெளிச்சம் நாலு மடங்கு, அதாவது ரெண்டு ஸ்டாப். ஐஎஸ்ஓ 6400ல எடுத்துட்டு இருந்தது அப்படியே 1600க்கு வந்துடும், காசு செலவே இல்லாம. டேபிள் லேம்ப்பை ஃப்ரேமுக்கு வெளியில முகத்துக்குப் பக்கத்துல வெச்சு முன்னாடி ஒரு வெள்ளைத் துணியோ டிரேஸிங் பேப்பரோ கட்டுனா வெளிச்சம் மிருதுவாயிடும் (சூடாகுற பல்புன்னா கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க, தீப்பிடிக்கும்). எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் ஷீட்டை நிறுத்துங்க, முகத்தோட இருட்டுப் பக்கத்துல நாய்ஸ் குறையறது மானிட்டர்லயே தெரியும்.

இன்னொண்ணு, நைட் சீன்னா ஃப்ரேம் முழுக்க வெளிச்சம் வேணும்னு அவசியமே இல்ல. முகமோ கையோ எது முக்கியமோ அது மேல மட்டும் லைட் நல்லா விழட்டும், பின்னாடி இருக்குறது கறுப்பா இருக்கட்டும். நிஜக் கறுப்புல நாய்ஸ் தெரியாது. கறுப்பும் இல்லாம வெளிச்சமும் இல்லாம சாம்பல் கலர்ல தொங்கிட்டு இருக்குற ஏரியாதான் கண்ணை உறுத்துறது. வெளியில நைட் ஷாட் எடுக்கணும்னா சூரியன் மறைஞ்ச உடனே வானம் நீலமா இருக்குற அந்தக் கொஞ்ச நேரத்துல எடுத்துடுங்க, எடிட்ல கொஞ்சம் எக்ஸ்போஷரை இறக்கினா ராத்திரி மாதிரியே இருக்கும், எக்ஸ்போஷரை இறக்கினா நாய்ஸும் கூடவே இறங்கும்.

கே: கிட் லென்ஸ் போதுமா?

இருட்டுக்குப் போதாது. 18-55 மாதிரி கிட் லென்ஸ்ல (கேமராவோட சேர்ந்து வர்ற லென்ஸ்) வைட் சைடுல எஃப் 3.5 இருக்கும் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா துவாரம் பெருசு), ஜூம் பண்ணப் பண்ண 5.6க்குப் போயிடும், நீங்க கவனிக்காமலே ஒண்ணே கால் ஸ்டாப்புக்கு மேல போச்சு. அதே இடத்துல ஒரு எஃப் 1.8 பிரைம் லென்ஸ் போட்டா 5.6 விட 9 மடங்குக்கும் மேல வெளிச்சம் உள்ள வரும். பாடி மாத்தலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல ஒரு 50 எம்எம் இல்ல 35 எம்எம் எஃப் 1.8 வாங்குங்க, இதுக்கு நிகரான மாற்றம் அந்தக் காசுல வேற எதுலயும் கிடைக்காது.

1.8ல ஃபோகஸ் ஆழம் கம்மி, ஆள் முன்ன பின்ன அசைஞ்சா கண்ணு ஃபோகஸ் போயிடும், அதைத் தெரிஞ்சுதான் போகணும். ரெண்டு பேர் முன்ன பின்ன நிக்கிற ஷாட்னா 2.8 வெச்சுட்டு ஐஎஸ்ஓ ஏத்துறதே மேல். ஃபோகஸ் போன ஷாட்டை யாராலயும் சரி பண்ண முடியாது, நாய்ஸ் இருக்குற ஷாட்டைப் பண்ணலாம்.

அப்புறம் லென்ஸ் முன்னாடி என்ன மாட்டியிருக்குன்னு பாருங்க. வெளிச்சத்தைக் குறைக்குற வேரியபிள் என்டி ஃபில்டர் மினிமம்ல இருந்தாலும் ஒண்ணு, ஒண்ணரை ஸ்டாப்பைத் தின்னுடும், போலரைசரும் அப்படித்தான். பகல்ல மாட்டினதை ராத்திரி கழட்ட மறக்குறது ரொம்ப சகஜம்.

கே: ஷட்டர் ஸ்பீடை எவ்ளோ வரைக்கும் குறைக்கலாம்?

25 எஃப்பிஎஸ்ல எடுத்தா வழக்கமான செட்டிங் 50ல ஒரு பங்கு செகண்ட். இதை 25ல ஒரு பங்குக்குக் குறைச்சா ஒரு முழு ஸ்டாப் இலவசமா கிடைக்கும், அசைவு கொஞ்சம் குழைஞ்சு தெரியும். உக்காந்து பேசுறவங்க, ட்ரைபாட்ல வெச்ச தெரு ஷாட், இதுக்கெல்லாம் தாராளமா பண்ணலாம், யாருக்கும் தெரியாது. டான்ஸ், ஓட்டம், கேமராவைக் கையில வெச்சுட்டு நடக்குறது, இதுக்கெல்லாம் வேண்டாம். லைட் ஃப்ளிக்கர் ஆகாம இருக்க உங்க ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா 50, 100னும், 60 ஹெர்ட்ஸ்னா 60, 120னும் வைங்க.

ஸ்லோ மோஷனை இருட்டுல மறந்துடுங்க. 100 எஃப்பிஎஸ்னா ஷட்டர் 200ல ஒரு பங்கு வேணும், 25 எஃப்பிஎஸ் விட ரெண்டு ஸ்டாப் நஷ்டம், அதை ஐஎஸ்ஓலதான் ஈடு கட்டணும்.

கே: டூயல் நேட்டிவ் ஐஎஸ்ஓன்னு சொல்றாங்களே, அது நிஜமாவே உதவுதா?

உதவுது, உங்க கேமராவுல இருந்தா கண்டிப்பா பயன்படுத்துங்க. சில சென்சார்ல சிக்னலைப் படிக்க ரெண்டு தனித்தனி சர்க்யூட் வழி இருக்கும், ஒவ்வொரு வழிக்கும் ஒரு பேஸ் ஐஎஸ்ஓ, ரெண்டாவது வழில ரீட் நாய்ஸ் (சிக்னலைப் படிக்கும்போது சேர்றது) குறைவு. பேனசோனிக் வேரிகேம் 35ல இது 800, 5000. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவுல 400, 3200. சோனி எஃப்எக்ஸ்3ல எஸ் லாக் 3ங்கிற பிக்சர் ப்ரொஃபைல்ல 800, 12800. இதுல வர்ற வேடிக்கை என்னன்னா ரெண்டாவது பேஸுக்குக் கொஞ்சம் கீழ இருக்குற ஐஎஸ்ஓ, அந்த பேஸை விட அழுக்கா இருக்கும், அதாவது எஃப்எக்ஸ்3ல 8000 வெக்கிறதை விட 12800 வெச்சு அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடுறது சுத்தமா வரும். உங்க மாடலுக்கு நம்பர் என்னன்னு மேனுவல்ல பாருங்க, பிக்சர் ப்ரொஃபைல் மாத்துனா இந்த நம்பரும் மாறும்.

கே: லாக்ல எடுக்கணுமா நார்மல்லயா?

நிஜமான இருட்டுல, அதுவும் 8 பிட் கேமரான்னா, நார்மல் ப்ரொஃபைலே எடுங்க. ஹைலைட் ஷேடோ ரெண்டையும் ஒரே ஷாட்ல பிடிக்கிறதுக்குத்தான் லாக், மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒரு முகம்னா காப்பாத்த வேண்டிய ஹைலைட்னு பெருசா ஒண்ணும் இல்ல.

10 பிட் இருக்கு, சீன்ல டியூப் லைட்டும் கடை போர்டும் பளிச்சுன்னு தெரியுது, அதனால லாக்தான் வேணும்னா, ஓவர் எக்ஸ்போஸ் பண்ணி எடுங்க. எஸ் லாக் 3ல 18 சதவீத கிரே (நடு சாம்பல்) சிக்னல் லெவல்ல 41 சதவீதத்துல உக்காரணும்னு கணக்கு, அதை விட ஒரு ஸ்டாப்பிலருந்து ஒண்ணரை ஸ்டாப் வரைக்கும் கூட வெச்சு எடுத்து கிரேடிங்ல (எடிட்ல கலர் சரி பண்ற வேலைல) இறக்குங்க. ஆனா அந்தக் கூடுதல் ஸ்டாப் அப்பர்ச்சர்லருந்தோ லைட்லருந்தோ வரணும், ஐஎஸ்ஓ ஏத்தி ஓவர் பண்ணினா சென்சார்ல விழுந்த வெளிச்சம் அதேதான், நாய்ஸ்ல பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. கேமரா ஸ்கிரீனை நம்பாதீங்க, இருட்டு ரூம்ல ஸ்கிரீன் எப்பவுமே பிரைட்டாத் தெரியும், எக்ஸ்போஷரை அளந்து காட்டுற ஸீப்ரா இல்ல வேவ்ஃபார்ம் போட்டுப் பாருங்க.

கே: மஞ்சள் லைட்ல எடுத்தா நாய்ஸ் அதிகமா தெரியுதே, எனக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும்தான். 3200 கெல்வின் மாதிரி மஞ்சள் வெளிச்சத்துல நீலம் ரொம்பக் குறைவு. ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணும்போது கேமரா நீல சேனலை மட்டும் எக்ஸ்ட்ராவா பெருக்குது, ஏற்கெனவே பட்டினி கிடக்குற சேனல் அது. எடிட்ல நீல சேனலை மட்டும் தனியாப் போட்டுப் பாத்தா ஆடிப்போயிடுவீங்க. கலர் முழுசா நியூட்ரல் ஆக்காம கொஞ்சம் மஞ்சளாவே விட்டுடுங்க, நைட் சீனுக்கு அது அழகாவும் இருக்கும்.

கே: ஃபுல் ஃப்ரேம் வாங்கினா பிரச்சனை தீருமா?

குறையும், தீராது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர், அதை விட சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 225, அதாவது அதே எஃப் நம்பர்ல கிட்டத்தட்ட ரெண்டு ஸ்டாப் வித்தியாசம். ஆனா ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 4 ஜூம் போட்டுட்டு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல எஃப் 1.7 பிரைம் போட்டா சின்னதுதான் ஜெயிக்கும். லென்ஸோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

கே: மொபைல்ல எடுக்குறேன், நைட் மோட்ல ஃபோட்டோ சூப்பரா வருது, வீடியோ மட்டும் கேவலமா வருது, ஏன்?

நைட் மோட் ஃபோட்டோ சில செகண்ட் நேரம் பல ஃப்ரேம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சராசரி எடுக்குது. வீடியோல ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரமே 25ல ஒரு பங்கு, 30ல ஒரு பங்கு செகண்ட்தான், அந்த சொகுசுக்கு இடமே இல்ல.

மெயின் லென்ஸ்ல மட்டும் எடுங்க, அல்ட்ரா வைட்டும் டெலியும் பெரும்பாலும் சின்ன சென்சார். 60 எஃப்பிஎஸ்லருந்து 24, 25 இல்ல 30க்கு வாங்க. ஸ்கிரீனை அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர் லாக் பண்ணுங்க, இல்லன்னா ஒரு லைட் ஃப்ரேமுக்குள்ள வந்து போகும்போதெல்லாம் இருட்டும் நாய்ஸும் மாறி மாறி ஏறி இறங்கும். முடிஞ்சா பிளாக்மேஜிக் கேமரா மாதிரி மேனுவல் ஆப் போட்டு ஷட்டரை நீங்களே வைங்க. லென்ஸைத் துடைச்சுட்டு எடுங்க, விரல் எண்ணெய் படிஞ்ச லென்ஸ்ல தெரு லைட்டெல்லாம் படர்ந்து கறுப்பு சாம்பலாயிடும், அந்த சாம்பல்லதான் நாய்ஸ் ஆடும்.

கே: கேமராவுக்குள்ள இருக்குற நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் பண்ணலாமா?

எடுத்து அப்படியே போடப் போறீங்கன்னா மீடியம். எடிட் பண்ணப் போறீங்கன்னா லோ. கேமரா அந்த நொடியே அவசரமா பண்ற வேலை அது, தோலும் துணியும் மெழுகாயிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஷார்ப்னஸை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஏத்தாதீங்க, அது முதல்ல ஷார்ப் ஆக்குறதே நாய்ஸைத்தான்.

கே: 4கேல எடுத்தா நாய்ஸ் ஜாஸ்தியா?

உங்க கேமரா சென்சார் முழுசையும் படிச்சு 4கே குடுத்தா, அதை 1080ல எக்ஸ்போர்ட் பண்ணுங்க, நாலு பிக்சல் ஒண்ணாச் சேரும், நாய்ஸ் கிட்டத்தட்ட பாதியாகும். கிராப் பண்ணி 4கே எடுக்குற கேமரான்னா அந்த லாபம் அவ்ளோ கிடைக்காது. பிட்ரேட் மட்டும் இருக்குறதுலயே அதிகமா வைங்க, ஏன்னா நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் புதுசா மாறுறதால ஹெச் 264 மாதிரி கோடெக்குக்கு அதை சுருக்க வழியே இல்ல, பிட் பத்தலன்னா டீடெயிலைத்தான் பலி குடுக்கும்.

கே: எல்லா ஷாட்லயும் ஒரே இடத்துல சிவப்புப் புள்ளி நிக்குது, இதுவும் நாய்ஸா?

அது ஹாட் பிக்சல். லென்ஸ் மூடியை மாட்டிட்டு பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, அதே இடத்துல இருந்தா உறுதி. பல கேமராவுல பிக்சல் மேப்பிங்னு மெனுல இருக்கும், ஒரு தடவை ஓட்டினா போயிடும். நீளமா ரெக்கார்ட் பண்ணி கேமரா கொதிச்சா இது அதிகமாகும், சென்சார் சூடு ஒவ்வொரு 6லருந்து 8 டிகிரி ஏறும்போதும் டார்க் கரண்ட் சுமார் ரெண்டு மடங்காகுது, அதனால நடுநடுவுல ஆஃப் பண்ணி ஆற விடுங்க.

கே: எடுத்தாச்சு, நாய்ஸ் இருக்கு. எடிட்ல எப்படி எடுக்குறது?

ரெண்டு வகை இருக்கு. டெம்போரல்ங்கிறது முன்னாடி பின்னாடி ஃப்ரேமோட ஒப்பிட்டு சராசரி எடுக்கும், நாலு ஃப்ரேம் சேர்ந்தா நாய்ஸ் பாதியாகும், டீடெயில் போகாது. ஆனா அசையுற இடத்துல பேய் மாதிரி பின்னாடி ஒரு தடம் வரும். ஸ்பேஷியல்ங்கிறது ஒரே ஃப்ரேமுக்குள்ள பக்கத்துப் பிக்சலைப் பாத்து மழுக்கும், தடம் வராது, டீடெயில் போகும். எப்பவுமே டெம்போரலை முதல்ல போடுங்க, அதுக்கப்புறமும் மிச்சம் இருந்தா ஸ்பேஷியலைத் தொட்டும் தொடாம போடுங்க. கலர்ல இருக்குற நாய்ஸை, அதாவது குரோமாவை, தைரியமா எடுக்கலாம், கண்ணு கலர் டீடெயிலை அவ்ளோ கவனிக்காது. வெளிச்சத்துல இருக்குறதை, அதாவது லூமாவைத்தான் பயந்து பயந்து தொடணும்.

டாவின்ச்சி ரிசால்வ்ல இது ஸ்டுடியோ வெர்ஷன்ல இருக்கு, நீட் வீடியோ ப்ளகின் பல எடிட்டர்ல ஓடும், அதுக்கு ஃப்ரேம்ல டீடெயிலே இல்லாத ஒரு வெறும் சுவரையோ வானத்தையோ செலக்ட் பண்ணிக் காட்டணும், அதைப் பாத்துதான் உங்க கேமராவோட நாய்ஸ் எப்படின்னு அது கத்துக்குது. காசு குடுக்க முடியாதவங்க ஹேண்ட்பிரேக்ங்கிற இலவச சாஃப்ட்வேர் எடுத்துக்கோங்க, அதுல என்எல்மீன்ஸ் ஃபில்டர் இருக்கு, ரொம்ப ஸ்லோ, ஆனா நல்லா வேலை செய்யும்.

வரிசையையும் கவனிங்க. டீநாய்ஸ் முதல் நோடுல (ரிசால்வ்ல எடிட்டோட ஒவ்வொரு படியும் ஒரு நோடு), அதுக்கப்புறம்தான் கிரேடிங், ஸ்டெபிலைஸ், ஷார்ப்பன் எல்லாம். கான்ட்ராஸ்ட் ஏத்தி ஷார்ப் பண்ணிட்டு அப்புறம் டீநாய்ஸ் போட்டா, பெருசாக்கி உரம் போட்டு வளத்த நாய்ஸோட அது மல்லுக்கட்டணும். லாக் ஃபுட்டேஜ்ல நாய்ஸ் எவ்ளோன்னு தெரியாது, அதனால கிரேடிங்கை ஆன்ல வெச்சுட்டே முதல் நோடை அட்ஜஸ்ட் பண்ணுங்க.

கே: டீநாய்ஸ் போட்டா முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடுது ப்ரோ, என்ன பண்ண?

அளவு ஜாஸ்தி, பாதியாக் குறைங்க. நிறுத்தி வெச்சுப் பாக்காம ஓட விட்டுப் பாருங்க, ஓடும்போது உறுத்தாத நாய்ஸை எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. ஏற்கெனவே வழவழன்னு ஆயிடுச்சுன்னா மேல லேசா ஃபிலிம் கிரெயின் போடுங்க, வானத்துல வர்ற பேண்டிங்கும் அதுல மறையும்.

கே: எடிட்டர்ல சுத்தமா இருக்கு, யூடியூப்ல போட்டா கட்டம் கட்டமா வருது?

இருட்டு ஏரியால மிஞ்சின கொஞ்ச நாய்ஸ் அங்க நடக்குற கம்ப்ரஷனுக்குத் தாங்கல. பேக்ரவுண்ட் ஷேடோவை மட்டும் மாஸ்க் பண்ணி அங்க டீநாய்ஸைக் கூட்டுங்க, கறுப்பைக் கொஞ்சம் அழுத்தி விடுங்க. 1080 ப்ராஜெக்டையே 4கேக்கு அப்ஸ்கேல் பண்ணி அப்லோட் பண்ணா அந்த வீடியோவுக்கு அதிக பிட்ரேட் கிடைக்குது, வித்தியாசம் நல்லாவே தெரியும்.

கே: ஃபுட்டேஜ் படு மோசம், திரும்ப எடுக்கவும் முடியாது. வழி இருக்கா?

பிரைட் ஆக்குற ஆசையை முதல்ல விடுங்க. இருட்டா எடுத்தது இருட்டாவே இருக்கட்டும், கறுப்பை நல்லா அழுத்துங்க, ஷேடோல மட்டும் சாச்சுரேஷனை இறக்குங்க, கலர்த் திட்டு பாதி அதுலயே காணாமப் போயிடும். அப்பவும் தாங்கலன்னா பிளாக் அண்ட் ஒயிட் ஆக்குங்க, கலர் நாய்ஸ் மொத்தமா போய் மிச்சம் இருக்குறது கிரெயின் மாதிரிதான் தெரியும், கிராப் மட்டும் பண்ணாதீங்க. பேசுறது முக்கியமான ஷாட்னா ஆடியோவை சுத்தம் பண்ண நேரம் செலவு பண்ணுங்க, குரல் தெளிவாக் கேட்டா ஆளுங்க படத்தோட நாய்ஸைப் பொறுத்துக்குவாங்க.